இருட்டில் எந்த ஒயின்?

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். சினிமா தியேட்டருக்குள் ஒயின் வரக் கூடாது.

குடிக்காதவன் சொல்லும் உபதேசம் என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். நான் புதுச்சேரியில் மாமா வீட்டில் தங்கிப் பிரெஞ்சு வழியில் படித்தவன். இப்போதும் அங்கே போனால் மதியச் சாப்பாட்டோடு மாமா மகன் ஒரு கிளாஸ் ஊற்றுவார். வேண்டாம் என்று சொல்வதில்லை. ஆகவே இது மதுவிலக்குப் பிரசாரம் இல்லை. ஒயினுக்கும் நல்லதில்லை, சினிமாவுக்கும் நல்லதில்லை, நம் மக்களுக்கும் நல்லதில்லை என்பதுதான் என் கட்சி.

இந்தப் பேச்சு இப்போது எதற்கு? பெங்களூரில் வேலை பார்க்கும் என் தங்கை பேரன் போனில் கேட்டான்: “தாத்தா, ஃபாரின்ல பெரிய தியேட்டர்ல உக்காந்த எடத்துக்கே ஒயின் வருது. இங்கயும் சீக்கிரம் வந்துடும். நீங்க பிரெஞ்சு படிச்சவரு. பாப்கார்னுக்கு எது, சமோசாவுக்கு எதுன்னு ஒரு லிஸ்ட் போட்டுக் குடுங்களேன்.” அவன் விளையாட்டாகக் கேட்கவில்லை. அமெரிக்காவில் ஆஸ்டின் நகரத்தில் 1997இல் தொடங்கிய ஆலமோ டிராஃப்ட்ஹவுஸ் தியேட்டர்களில் படம் ஓடும்போதே சாப்பாடும் மதுவும் இருக்கைக்கு வரும். ஆஸ்திரேலியாவில் கோல்ட் கிளாஸ் என்ற பெயரில் இதே ஏற்பாடு. டெல்லியில் 2011இல் பிவிஆர் திறந்த டைரக்டர்ஸ் கட் தியேட்டரில் சாய்ந்து படுக்கும் நாற்காலி, அதற்கே சாப்பாடு கொண்டுவரும் பணியாள் என்று வந்துவிட்டது. நாற்காலியும் பணியாளும் வந்த பிறகு மது வர எத்தனை நாள் ஆகும்?

தமிழ்நாட்டில் அது நடக்காது என்று நினைப்பவர்களுக்கு ஒரு ஞாபகம். 2023இல் மது விதிகளைத் திருத்தி மாநாட்டு மண்டபம், கல்யாண மண்டபம், விளையாட்டு அரங்கம் ஆகிய இடங்களில் சிறப்பு உரிமம் பெற்று மது பரிமாறலாம் என்று அரசு அறிவிக்கை வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் கல்யாண மண்டபத்தை எடுத்துவிட்டார்கள். பட்டியலில் ஓர் இடம் சேருவதற்கு ஒரு வரி போதும். அந்த வரி வருவதற்கு முன்னால் பேசிவிடுவது நல்லது.

முதலில் கேட்ட கேள்விக்குப் பதில். தெரியாததால் எதிர்க்கிறான் கிழவன் என்று யாரும் சொல்லக் கூடாது பாருங்கள்.

வெண்ணெயும் உப்பும் போட்ட பாப்கார்னுக்கு இனிப்பில்லாத நுரைக்கும் வெள்ளை ஒயின் பொருந்தும். உப்பும் எண்ணெய்ப் பசையும் நாக்கில் படிவதை அதன் புளிப்பு துடைத்துவிடும். காரமெல் பாப்கார்னுக்கு அதைவிட இனிப்பான ஒயின் வேண்டும். தின்பதைவிட ஒயினில் இனிப்பு குறைந்தால் ஒயின் வெறும் புளிப்பாகத் தெரியும். சமோசாவுக்கும் மிளகாய் வைத்த பண்டங்களுக்கும் லேசான இனிப்புள்ள, நன்றாகக் குளிர்ந்த ஷெனின் பிளாங்க். பிரான்சில் லுவார் ஆற்றங்கரைத் திராட்சை அது. இன்று நாசிக்கிலும் விளைகிறது. காரத்துக்கு அழுத்தமான சிவப்பு ஒயின் ஆகவே ஆகாது. அதில் உள்ள துவர்ப்பு காரத்தோடு சேர்ந்தால் வாய் வறண்டு போகும். ஆல்கஹால் மிளகாயின் எரிச்சலைக் கூட்டும். சிக்கன் பிரியாணிக்கு ரோஸ் நிற ஒயின் பரவாயில்லை. பட்டியல் அவ்வளவுதான்.

இனி, இந்தப் பட்டியல் தியேட்டருக்குள் ஏன் செல்லாது என்று சொல்கிறேன்.

என் வகுப்புத் தோழன் ஒருவனுடைய அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். புதுச்சேரியில் அவர்களைச் ‘சொல்தா’ என்போம். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் “ஆ தாப்ள்!” என்று குரல் கொடுத்தால் வீட்டில் எல்லாரும் மேசைக்கு வந்துவிட வேண்டும். ஆட்டுக்கறி, ரொட்டி, ஒரு புட்டி. புட்டியைத் திறந்து தம் கிளாஸில் கொஞ்சம் ஊற்றி, ஜன்னல் பக்கம் தூக்கி வெளிச்சத்தில் நிறம் பார்ப்பார். அப்புறம் மூக்கருகே கொண்டுபோவார். அதற்குப் பிறகுதான் வாய். எங்களுக்குச் சோடாதான், ஆனாலும் அந்த வரிசை என் மனதில் பதிந்துவிட்டது. கண், மூக்கு, வாய். நடு நடுவே பேச்சு. ஒரு புட்டி தீர இரண்டு மணி நேரம் ஆகும்.

தியேட்டரில் என்ன இருக்கிறது? முதலில் வெளிச்சம் இல்லை. நிறம் தெரியாவிட்டால் என்ன குடி முழுகிப் போகும் என்று கேட்காதீர்கள். போர்தோ பல்கலைக்கழகத்தில் 54 ஒயின் படிப்பு மாணவர்களுக்கு ஒரு சோதனை வைத்தார்கள். வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் அதற்குச் சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் வாசனைகளையே எழுதிக் கொடுத்தார்கள். 2001இல் இந்த ஆய்வு வெளிவந்தது. ஒயின் படித்தவர்களின் மூக்கையே கண் இப்படி ஆட்டிவைக்கிறது. கண்ணை இருட்டில் கட்டிவிட்டு, இந்தப் பண்டத்துக்கு இந்த ஒயின் என்று பட்டியல் நீட்டுவது யாரை ஏமாற்ற?

இரண்டாவது மூக்கு. அரங்கம் முழுவதும் வெண்ணெய் வாசனை. பக்கத்தில் ஒருவர் நாச்சோஸ் தின்கிறார், பின்னால் ஒரு குழந்தை சீஸ் பாப்கார்ன் கொட்டியிருக்கிறது. இந்தக் கலவையில் ஒயினின் மணத்தைத் தேடுவது கோயம்பேடு மார்க்கெட்டில் ஊதுபத்தியைத் தேடுவது போல. மூன்றாவது பேச்சு. மேசையில் பேசினால் மரியாதை. தியேட்டரில் பேசினால் முன் வரிசைக்காரர் திரும்பிப் பார்ப்பார். ஆக, ஒயினுக்கு வேண்டிய வெளிச்சம், காற்று, பேச்சு மூன்றும் அங்கே இல்லை. மிச்சம் இருப்பது ஆல்கஹால் மட்டும்.

சினிமாவைக் கண்டுபிடித்த ஊரே பிரான்ஸ்தானே, அவர்களே சேர்த்துத்தானே வைத்தார்கள் என்று ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார். சரித்திரத்தைச் சரியாகப் பார்ப்போம். 1895 டிசம்பர் 28ஆம் தேதி பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் பணம் வாங்கிக்கொண்டு முதல் காட்சி நடத்தியது ‘கிரான் கஃபே’ என்ற காப்பிக் கடையில்தான். அந்தக் கடையின் நிலவறை அறைக்கு, வேடிக்கையைப் பாருங்கள், ‘இந்திய அறை’ என்று பெயர். கட்டணம் 1 பிராங்க். குடிப்பதும் பேசுவதும் மேலே, படம் கீழே. முதல் நாளிலேயே இரண்டுக்கும் நடுவில் ஒரு மாடிப்படி இருந்தது. இன்னொன்று: 1991இல் பிரான்ஸ் கொண்டுவந்த ஏவான் சட்டப்படி சினிமா அரங்கில் மதுவுக்கு விளம்பரம் காட்டவே தடை. ஒயினை ஊர்ப் பெருமையாக வைத்திருக்கும் நாடு, அதை வெள்ளித்திரையில் கூவி விற்காதே என்கிறது.

இங்கே என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். திரையில் கதாநாயகன் கிளாஸைத் தூக்குவான். கீழே மூலையில் ‘மது அருந்துதல் உடல்நலத்திற்குக் கேடு’ என்று எழுத்து ஓடும். அதே நேரம் பணியாள் குனிந்து, “சார், இன்னொரு கிளாஸ்?” என்பார்.

நம் ஊர் சினிமா இந்தப் பிரச்சினையை எப்போதோ தீர்த்துவிட்டது. அதற்குப் பெயர் இடைவேளை. எங்கள் பக்கத்து டூரிங் டாக்கீஸில் மணலைக் கூட்டி உட்கார்ந்து படம் பார்த்த காலத்தில் முறுக்கு, வேர்க்கடலைப் பொட்டலம், பன்னீர் சோடா எல்லாம் விளக்குப் போட்ட பிறகுதான் வரும். வாய்க்கு ஒரு நேரம், கண்ணுக்கு ஒரு நேரம். அந்தக் கால் மணி நேரத்தில் படத்தைப் பற்றிப் பேசவும் முடியும். சென்னையில் சத்யம் தியேட்டர் பாப்கார்னுக்கே ஒரு ரசிகர் கூட்டம் உண்டு. அதில் பொடி தூவிக் குலுக்கிக்கொண்டு நின்றவர்கள் யாரும் இதற்கு என்ன ஒயின் என்று தவித்ததாகத் தெரியவில்லை.

பிறகு யாருக்கு இது தேவை? கணக்கைப் பார்த்தால் புரியும். நான் கடலூர் கலெக்டர் ஆபீசில் சினிமா உரிமப் பிரிவில் சில வருஷம் குமாஸ்தா. டிக்கெட் பணத்தில் விநியோகஸ்தருக்குப் பங்கு உண்டு, வரி உண்டு. தமிழ்நாட்டில் டிக்கெட் விலைக்கு அரசு உச்சவரம்பும் உண்டு. தின்பண்டத்துக்கு உச்சவரம்பு கிடையாது. அந்த வருமானத்தில் விநியோகஸ்தருக்குப் பங்கும் கிடையாது. டிக்கெட்டில் ஏற்ற முடியாததைப் பாப்கார்னில் ஏற்றுகிறார்கள். பாப்கார்னிலும் ஓர் அளவுக்கு மேல் ஏற்ற முடியாது, ஏனென்றால் சோளம் என்ன விலை என்று எல்லாருக்கும் தெரியும். ஒயின் என்ன விலை என்று யாருக்குத் தெரியும்? 750 மில்லி புட்டியில் 5 கிளாஸ் வரும். ஒரு கிளாஸ் விலையிலேயே புட்டியின் கொள்முதல் விலையை எடுத்துவிட வேண்டும் என்பது ஓட்டல் தொழிலில் பழகிப்போன கணக்கு. பொருத்தம் பார்த்துச் சொல்லும் அந்த அழகான மெனு அட்டை இந்தக் கணக்கின் மேல் போர்த்திய பட்டுச் சால்வை.

நியாயமாக எதிர்த்தரப்பையும் சொல்ல வேண்டும். கொரோனாவுக்குப் பிறகு தியேட்டர்கள் தத்தளிக்கின்றன. வீட்டிலேயே போனில் படம் ஓடுகிறது. தின்பண்ட வருமானம் இல்லாவிட்டால் பல தியேட்டர்கள் கல்யாண மண்டபமாகிவிடும். இது பொய்யில்லை. ஆனால் மக்கள் ஏன் வரவில்லை? நான்கு பேர் குடும்பம் டிக்கெட்டுக்குக் கொடுப்பதைவிடத் தின்பதற்கு அதிகம் கொடுக்க வேண்டியிருப்பதும் ஒரு காரணம் இல்லையா? அந்தக் குடும்பத்தைத் திரும்ப அழைக்க ஒயின் உதவுமா? பக்கத்து நாற்காலியில் மூன்றாவது கிளாஸ் நடக்கிறது என்றால் மகளைக் கூட்டிக்கொண்டு எந்த அப்பா வருவார்?

சட்டமும் ஒன்று இருக்கிறது. 2023 ஜனவரி 3ஆம் தேதி உச்ச நீதிமன்றம், வெளி உணவைத் தடுக்கத் தியேட்டர் உரிமையாளருக்கு உரிமை உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. சுத்தமான குடிநீரை இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தைக்குக் கொண்டுவரும் உணவைத் தடுக்கக் கூடாது என்றும் சொன்னது. அந்த விசாரணையில் ஜிலேபி தின்றவர் விரலை இருக்கையில் துடைத்தால் யார் சுத்தம் செய்வது என்று ஒரு பேச்சு வந்தது. நல்ல கேள்வி. நான் கேட்கிறேன்: ஜிலேபிப் பாகு கறை என்றால் சிவப்பு ஒயின் என்ன பன்னீரா? வீட்டு முறுக்கை வாசலில் பிடுங்கி வைத்துவிட்டு, துவைத்தாலும் போகாத ஒன்றை உள்ளே விற்பதற்குச் சுத்தம் என்ற காரணம் இனிமேல் செல்லாது.

எனக்குத் தெரிந்த இன்னொரு விஷயம் வழி. சி படிவ உரிமம் புதுப்பிக்கும் கோப்பில் கட்டட உறுதிச் சான்று, மின்சார ஆய்வாளர் சான்று, தீயணைப்புச் சான்று, சுகாதாரச் சான்று எல்லாம் அடுக்கி வைப்போம். நடைவழி எத்தனை அகலம், வெளியேறும் கதவு எத்தனை என்று ஒவ்வொன்றுக்கும் விதி. இதெல்லாம் வெறும் காகிதம் என்று சலித்துக்கொண்டவர்கள் உண்டு. 1997 ஜூன் 13ஆம் தேதி டெல்லி உப்ஹார் தியேட்டரில் புகை சூழ்ந்தபோது வெளியேற வழியில்லாமல் 59 பேர் இறந்தார்கள். இருட்டு, படிக்கட்டு, கண்ணாடிக் கிளாஸ், தட்டு வைக்கும் பலகை, தள்ளாடும் கால் இவை ஐந்தையும் ஒரே அறையில் வைத்துவிட்டுக் கதவு எத்தனை என்று எண்ணிப் பயனில்லை.

கடைசியாக, எனக்கு மிகவும் கோபம் வரும் வாதம். “ஒயின் நாகரிகமான பானம், பிராந்தி சாராயம் மாதிரி இல்லை” என்கிறார்கள். நம் ஊரில் டாஸ்மாக் கடைக்கே ஜனங்கள் வைத்த பெயர் ஒயின்ஷாப். அந்த ஒயின்ஷாப்பில் ஒயின் கேட்பவனைப் பார்த்திருக்கிறீர்களா? ஒயின் நம் மண்ணுக்கு அந்நியம் என்றும் நான் சொல்லவில்லை. தேனி மாவட்டக் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தது. 2023இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. அதைப் பயிர் செய்பவர்கள் பிழைக்க வேண்டும், அதில் நல்ல ஒயின் செய்தால் சந்தோஷம். நாகரிகம் என்ற சொல்தான் என் தொண்டையில் சிக்குகிறது.

ஏனென்றால் நான் இருப்பது நைனார்பாளையத்தில். எங்கள் மாவட்டத் தலைநகர் கள்ளக்குறிச்சி. 2024 ஜூன் மாதம் அங்கே கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் செத்துப் போனார்கள். பெரும்பாலும் கூலி வேலைக்காரர்கள். ஒரே தெருவில் வரிசையாகப் பாடை கட்டிக் கிடந்ததை நாடே டிவியில் பார்த்தது. அதற்குப் பிறகு கல்வராயன் மலையில் போலீஸ் ஏறி ஊறலைத் தேடித் தேடி அழித்தது. அந்த வாரம் நகரத்துப் பெரிய மனிதர்கள் என்ன பேசினார்கள்? “இவங்க ஏன் இப்படிக் குடிச்சுச் சாகிறாங்க?” என்று. குடித்தவன் குற்றவாளி, அவன் குடி வெட்கம். இதையே சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து ஆறு மடங்கு விலை கொடுத்துக் குடித்தால் ரசனை, அதற்குப் பொருத்தப் பட்டியல். ஏழை குடித்தால் செய்தி, பணக்காரன் குடித்தால் மெனு. இரண்டுக்கும் சரக்கு வேறுதான். கலப்படத்தில் சாகிறவனும் சுத்தமானதைச் சுவைப்பவனும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் குடியை இப்படி இரண்டு சாதியாகப் பிரித்து, மேல்சாதிக் குடிக்குத் தியேட்டரில் ஒரு சிம்மாசனம் போடுவதற்கு இந்த மாவட்டத்துக்காரன் எவனும் தலையாட்ட மாட்டான்.

வயது வந்தவர் குடிப்பது அவர் சுதந்திரம் என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். உரிமம் வாங்கிய ஓட்டல்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. படம் முடிந்து, அங்கே விளக்கு வெளிச்சத்தில் மேசை போட்டு உட்கார்ந்து, சாப்பாட்டோடு நிதானமாகக் குடித்துக்கொண்டு படத்தைக் கிழிகிழி என்று கிழிக்கட்டும். பிரெஞ்சுக்காரர்கள் செய்வது அதைத்தான். அங்கே ஒயினுக்கும் மரியாதை, சினிமாவுக்கும் மரியாதை. யாருடைய சுதந்திரமும் குறையவில்லை.

தியேட்டர்காரர்களுக்கு என் யோசனை எளிது. உச்ச நீதிமன்றம் சொன்ன இலவசக் குடிநீர் எங்கே இருக்கிறது என்று கொட்டை எழுத்தில் எழுதி மாட்டுங்கள். எழுபது வயதுக்காரன் மூன்று மாடி தேடி அலையாத இடத்தில் அது இருக்கட்டும். முறுக்கும் சுண்டலும் நியாய விலைக்கு வையுங்கள். கம்பத்துப் பன்னீர் திராட்சையைப் பிழிந்து ஜில்லென்று ஒரு டம்ளர் கொடுங்கள். குழந்தையும் குடிக்கும், நானும் குடிப்பேன். இதையெல்லாம் செய்து முடித்த பிறகும் ஒயின் பட்டியல் அச்சடிக்க ஆசை இருந்தால், அச்சடித்து வெளியே உள்ள ஓட்டலுக்குக் கொடுத்துவிடுங்கள்.